இடது ஓரத்துச் சிப்பாய்

தனக்கோடி தன் ஆயுளில் ஒரு தடவைகூட எதிரே ஓர் ஆளை உட்கார வைத்துச் சதுரங்கம் ஆடியது கிடையாது. அறுபதுகளின் கடைசியில் கடலூர், நெய்வேலி, கும்பகோணம் என்று சிதறிக் கிடந்த சதுரங்கப் புதிர்க்காரர்களுக்கு மட்டும் அவன் பெயர் தெரியும். அவர்களும் ஒருவரை ஒருவர் பார்த்ததில்லை. புதிர் போடுகிறவர் போடுவார், விடுவிக்கிறவர் விடுவிப்பார், எல்லாம் தபால் கார்டில்தான். விருத்தாசலத்தில் அவன் பீங்கான் கம்பெனியில் மோல்டு, அதாவது அச்சு, எடுக்கிற ஆள். அவ்வளவுதான்.

அவன் இதில் வந்து விழுந்ததும் அந்த வேலையால்தான். மெட்ராஸ் வியாபாரி ஒருவர் பீங்கானில் சதுரங்கக் காய்கள் வேண்டும் என்று கேட்டு, மாதிரிக்கு ஓர் இங்கிலீஷ் புத்தகத்தை அனுப்பியிருந்தார். காய்களின் படங்கள் இருந்த பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு தனக்கோடி மோல்டு எடுத்தான். புத்தகத்தின் பின்பகுதியில் சின்னச் சின்னக் கட்டங்களில் காய்கள் நின்றன. இங்கிலீஷ் படிக்க வராது, படத்தைப் பார்த்தான். எந்தக் காய் எப்படிப் போகும் என்று தெரிந்துகொள்ள, சலூனில் கிடந்த வாரப் பத்திரிகையின் சதுரங்கப் பகுதியைப் படிக்க ஆரம்பித்தான். அதில் ஒவ்வொரு வாரமும் ஒரு கட்டம் வரும். கீழே, ‘வெள்ளை ஆடி இரண்டாம் நகர்வில் மேட்’ என்று போட்டிருக்கும்; வெள்ளை இரண்டே நகர்வில் கறுப்பு ராஜாவைத் தப்ப வழியில்லாமல் மடக்க வேண்டும். சதுரங்கம் என்றாலே இதுதான் என்று அவன் வெகுநாள் நினைத்திருந்தான்.

சூளையிலிருந்து வந்த காய்கள் கோணிப்போயிருந்தன. ராணிகள் எல்லாம் இடுப்பு ஒடிந்தது மாதிரி சாய்ந்து நின்றன. ஆர்டர் ரத்தாயிற்று, வியாபாரி புத்தகத்தைத் திருப்பி வாங்கிக்கொண்டார், காய்கள் உடைசல் குவியலுக்குப் போயின. அந்தக் குவியலிலிருந்து தட்டு, கிண்ணம் என்று எல்லோரும் வீட்டுக்கு எடுத்துப் போவார்கள். யாரும் கேட்டதில்லை. தனக்கோடி காய்களைப் பொறுக்கி டிபன் பையில் போட்டுக்கொண்டு வந்தான். புதிர்களை விடுவித்து விடை எழுதிப் போட்டான். சரியான விடை எழுதியவர்கள் வரிசையில் அவன் பெயர் வந்தது. அப்புறம் அவனே புதிர் போடத் தொடங்கினான்.

புதிர் போடுவது அவனுக்கு மோல்டு எடுப்பது போலத்தான் இருந்தது. இரண்டு பாதியும் சேர்கிற இடத்தில் மயிரிழை சந்து இருந்தாலும் மண் குழம்பு கசிந்துவிடும். புதிரிலும் அப்படித்தான். போட்டவன் நினைத்த ஒரு வழியில்தான் மேட் வர வேண்டும். இன்னொரு வழியில் வந்துவிட்டால் புதிர் செத்தது. அந்தக் கசிவைத் தேடித்தேடி அடைத்து அவன் அனுப்பிய முதல் புதிரைப் பத்திரிகை வெளியிட்டது. பெயருக்குக் கீழே கம்பெனி விலாசத்தையும் போட்டார்கள். அவனுக்கு வாடகை வீடு. மாறிக்கொண்டே இருக்கும் என்று கம்பெனி விலாசத்தைத்தான் கொடுத்திருந்தான். பின்னால் எத்தனையோ தடவை அதை நினைத்து நொந்துகொண்டான்.

அந்தச் சமயம் பார்த்துத்தான் கம்பெனியில் திருட்டுப் பேச்சு கிளம்பியிருந்தது. பேக்கிங் பிரிவில் இருந்த விருத்தகிரியின் சாப்பாட்டுக் கூடையில் கம்பெனியின் பீங்கான் பொம்மைகள் இரண்டு அகப்பட்டன. தான் வைக்கவில்லை, யாரோ வைத்திருக்கிறார்கள் என்று விருத்தகிரி மேனேஜர் முன்னால் நிமிர்ந்து நின்று சொன்னான். வேலை போயிற்று. போலீஸ் ஸ்டேஷனுக்கும் கூட்டிப் போனார்கள். திரும்பி வந்தவன் சில நாள் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தான். அதே வாரம் இன்னொருத்தன் பீங்கானுக்கு நீலம் ஏற்றுகிற கோபால்ட் பொடியோடு மாட்டினான். அவன் மேனேஜர் காலில் விழுந்து எழுதிக் கொடுத்தான். இப்போதும் சூளையடியில் பீடி குடித்துக்கொண்டு வேலை பார்க்கிறான். உடைசல் குவியலில் இனி யாரும் கை வைக்கக் கூடாது என்று நோட்டீஸ் ஒட்டினார்கள். தனக்கோடி வீட்டில் கோணல் ராணிகள் அரிசிப் பானைக்குப் பின்னால் இருந்தன. அவன் வேலையும் இன்னும் நிரந்தரமாகவில்லை.

இந்த நிலையில்தான் கடலூரிலிருந்து பாலகிருஷ்ணன் என்பவரின் கார்டு வந்தது. புதிர் விடுவிப்பவர்களில் கெட்டிக்காரர் என்று பேர் வாங்கியவர். தங்கள் புதிரின் அதே அமைப்பு, ஐரோப்பியப் பத்திரிகை ஒன்றில் வெகுகாலத்துக்கு முன்பே வெளியாகியிருக்கிறது, தாங்கள் அதைப் பார்த்ததுண்டா, தெரிவிக்கவும் என்று எழுதியிருந்தார். வேறு ஒரு வார்த்தை இல்லை. கார்டை முதலில் படித்தவர் சூப்பர்வைசர் நடராசன்.

“என்னா தனக்கோடி, வெள்ளக்காரன் சரக்கையே தூக்கிட்டியாமே?” என்று நாலு பேர் கேட்க அவர் சொன்னார். மோல்டு பிரிவே சிரித்தது. தனக்கோடியும் சிரித்தான். சாயங்காலம் கைகழுவுகிற இடத்தில் நடராசன் தோளில் கை போட்டு, இந்த முறை சிரிக்காமல் பேசினார். “கார்டுன்னா ஊரே படிக்கும்பா. மேனேஜரு காதுக்குப் போறதுக்கு முந்தி ஒரு மன்னிப்பு எழுதிப் போட்டுரு. எழுதிக் குடுத்தவன் எவன் கெட்டான்?”

அவர் நல்லதுக்குத்தான் சொன்னார். அதுதான் கம்பெனி வழக்கம். விளக்கம் கேட்டு மெமோ வந்தால் செய்தோமா இல்லையா என்று யாரும் யோசிப்பதில்லை. ‘என் தவறை உணர்ந்து வருந்துகிறேன்’ என்று எழுதிக் கொடுத்தால் விஷயம் அன்றோடு முடிந்துவிடும்.

வீட்டுக்கு வந்தவனுக்குச் சோறு இறங்கவில்லை. மனைவி பெரியநாயகி விஷயத்தைக் கேட்டுவிட்டு, “நீங்க பாத்துதான் போட்டீங்களா?” என்றாள்.

“தெரியல.”

“தெரியாம எப்புடி இருக்கும்? அடுத்த வூட்டுக் கோலத்தப் பாத்துப் போட்டேனா, நானாப் போட்டேனான்னு எனக்குத் தெரியாதா?”

அந்த இங்கிலீஷ் புத்தகம் வாரக்கணக்காக அவன் மேசைமேல் கிடந்ததே. பின்பக்கத்துக் கட்டங்களைச் சும்மா சும்மா பார்த்துக்கொண்டு இருந்தானே. அவற்றில் ஒன்று கண் வழியாக உள்ளே போய்க் குந்தியிருந்து, பிறகு அவனுடையது மாதிரி வெளியே வந்திருந்தால்? புத்தகம் இருந்தால் பார்க்கலாம். அது மெட்ராசுக்குப் போய்விட்டது. நினைக்க நினைக்க, பார்த்த மாதிரியே இருந்தது. ராணி மூலைக்குப் போவது, கறுப்புக் காய்கள் நெருக்கிக்கொண்டு நிற்பது எல்லாம் பழுப்பேறிய அந்தத் தாளில் கண்ணுக்குத் தெரிந்தது. பார்க்காததையும் பயம் பார்க்க வைத்துவிடும் போலிருந்தது.

அவனுடைய அப்பா பக்கிரி அவர்களோடுதான் இருந்தார். கருவேப்பிலங்குறிச்சியில் காலமெல்லாம் பிறர் கொல்லைக்காட்டில் கூலி வேலை செய்தவர். தனக்கோடி சிறுபிள்ளையாக இருந்தபோது களத்தில் மல்லாட்டைக் கடலை மூட்டை ஒன்று குறைந்தது. அவரைப் புளியமரத்தில் கட்டி வைத்தார்கள். நான் எடுக்கவில்லை என்றார், அடித்தார்கள். மறுபடி அதையே சொன்னார்; மறுபடி அடித்தார்கள். பிறகு, எடுத்தேன் சாமி, புத்தி வந்துவிட்டது என்றார். அவிழ்த்து விட்டார்கள். மூட்டை பின்னால் வேறு இடத்தில் அகப்பட்டது. அதைப் பற்றி யாரும் அவரிடம் பேசவில்லை, அவரும் பேசவில்லை. முதுகில் மட்டும் இரண்டு வரி நின்றுவிட்டது.

கார்டு சமாசாரத்தைக் கேட்டதும் அவர் புதிர் என்றால் என்ன என்றுகூடக் கேட்கவில்லை.

“செய்யலைன்னு சொன்னா அவங்களுக்குக் கோவம்தான் ஏறும்டா. செஞ்சிட்டேன், மன்னிச்சுக்குங்கன்னு வுழுந்துட்டியானா புத்தி சொல்லி வுட்டுருவாங்க.”

அடுத்த நாள் பொழுது சாய, தனக்கோடி காய்களை ஒரு பையில் கட்டிக்கொண்டு மணிமுத்தாற்றுக்குப் போனான். வீட்டைச் சோதனை போட்டால் முதலில் கிடைப்பது அவைதானே. பாலத்தடியில் தேங்கியிருந்த தண்ணீரில் ஒவ்வொன்றாகப் போட்டான். யாரோ சைக்கிளில் மணியடித்துக்கொண்டு போகும்போதெல்லாம் கை நின்றது. மோல்டில் அவன் செதுக்கிய குதிரைகள் பிடரியோடு முங்கின. எல்லாம் போட்டு முடித்த பிறகும் பயம் ஒரு துளி குறையவில்லை. இப்போது தடயத்தை ஒழித்தவனும் ஆகிவிட்டோம் என்றுதான் தோன்றியது.

அன்றே சதுரங்கப் பகுதிக்கு ஒரு கடிதம் எழுதினான். மெமோவுக்கு எழுதுகிற அதே நடைதான் அவனுக்குத் தெரியும். மேற்படி புதிரை நான் ஒரு வெளிநாட்டுப் புத்தகத்தைப் பார்த்து எழுதிவிட்டேன்; என் தவறை உணர்ந்து வருந்துகிறேன்; இனி இவ்விதம் நேராது; கருணைகூர்ந்து மன்னிக்கவும். எழுதியதும் நெஞ்சு லேசாயிற்று. அன்று நன்றாகச் சாப்பிட்டான்.

பதில் வராத நாட்களில் லேசு எல்லாம் போய்விட்டது. தபால்காரர் கம்பெனி வாசலில் சைக்கிளைச் சாத்துகிற சத்தம் கேட்டாலே மோல்டுக்கான சாந்தைத் தாறுமாறாகக் கலக்கிவிடுவான். குமிழி விழுந்து மோல்டு கெட்டுப்போகும். ஒரு போலீஸ்காரர் ஊறுகாய் ஜாடி வாங்க வந்தார். தனக்கோடி போய்க் கக்கூசில் நின்றுகொண்டான். ஜாடியை வாங்கிக்கொண்டு அவர் போன பின்பும் வெளியே வரவில்லை.

கடைசியில் கார்டு வந்தது. பத்திரிகைக்கு வருகிற புதிர்களைச் சரிபார்த்துக் கொடுக்கிற ராஜாங்கம் என்பவர் எழுதியிருந்தார். ஞாயிறு மத்தியானம் பாசஞ்சரில் விருத்தாசலம் வருகிறேன், வண்டி திரும்பும்வரை ஜங்ஷனில் இருப்பேன், தங்கள் கடிதம் பற்றி நேரில் பேசியே ஆக வேண்டும் என்று இருந்தது. மன்னித்தோம் என்று இல்லை. மன்னிப்பு எழுதிய பிறகும் நேரில் பேச என்ன இருக்கிறது? கையெழுத்து வாங்குவார்களா? கூட யார் வருவார்கள்? போகாமல் இருந்துவிடலாமா என்று பார்த்தான். அவன் போட்ட புதிரிலும் கறுப்புக்கு இதே கதிதான். நின்ற இடத்தில் நிற்க முடிந்தால் அதற்கு ஓர் ஆபத்தும் இல்லை. ஆனால் ஆடும் முறை வந்துவிட்டால் ஏதாவது ஒன்றை நகர்த்தித்தான் ஆக வேண்டும். எதை நகர்த்தினாலும் கெடுதல்.

ஞாயிற்றுக்கிழமை ஸ்டேஷனுக்குப் போனபோது பிளாட்பாரத்து டீக்கடைப் பெஞ்சில் வெள்ளை யூனிபார்மும் தொப்பியுமாக ஓர் ஆள் உட்கார்ந்திருந்தார். யாரோ அதிகாரி பிடிக்க வந்திருக்கிறார் என்று தனக்கோடி தூணோரம் ஒதுங்கினான். அவர்தான் ராஜாங்கம் என்பதும், வண்டிக்குக் கொடி காட்டுகிற ரயில்வே கார்டு என்பதும், அந்த வண்டியைக் கொண்டுவந்ததே அவர்தான் என்பதும் புரியச் சற்று நேரம் பிடித்தது.

“தனக்கோடிங்களா? வாங்க, உக்காருங்க. என்னாங்க இப்புடி வேர்க்குது?”

ராஜாங்கம் டீ சொன்னார். ஐம்பதைத் தாண்டியவர், மெதுவாகப் பேசுகிறவர். புதிர்க்காரர்களின் வழக்கத்தை அவனுக்கு விளக்கினார். இப்படி இரண்டு பேருக்கு ஒரே யோசனை வருவது அந்தக் கூட்டத்தில் சகஜமாம். இருப்பது அறுபத்து நாலு கட்டம், எத்தனை பேர்தான் மோதாமல் நடக்க முடியும்? அவருக்கே இரண்டு மூன்று தடவை நேர்ந்திருக்கிறது. பார்த்தவர்கள் கார்டு போட்டுக் கேட்பார்கள். போட்டவர் பார்த்ததில்லை என்பார். முன்னால் இன்னாரும் இதைக் கண்டிருக்கிறார் என்று பத்திரிகையில் ஒரு வரி சேர்ப்பார்கள். அதில் யாருக்கும் கௌரவக் குறைவு இல்லை. தனக்கோடியின் புதிரைப் பார்த்துப் பொறாமையாக இருக்கிறது என்றுகூடப் பாலகிருஷ்ணன் அவருக்குத் தனியாக எழுதியிருந்தாராம்.

“ஆனா பாத்து எழுதிட்டேன்னு யாரும் இதுவரைக்கும் எழுதினது இல்லீங்க. நீங்கதான் முதல் ஆளு.” அவர் பையிலிருந்து தனக்கோடியின் கடிதத்தை எடுத்துப் பெஞ்சின்மேல் வைத்தார். “அடுத்த இதழ்ல இத அச்சுக்குக் குடுத்தாவணும். குடுத்தா அப்புறம் உங்க பேர்ல ஒரு புதிரையும் எந்தப் பத்திரிகையும் வாங்காது. வேணாம்னா நீங்கதான் சொல்லணும். நீங்க எழுதினத நான் மாத்த முடியாது.”

தனக்கோடி கடிதத்தைத் தொடாமல் பார்த்தான். எழுதிக் கொடுத்ததை இல்லை என்றால் பொய் எழுதியதாக ஆகும். அதற்கு என்ன தண்டனையோ. தவிரவும், பார்க்கவில்லை என்று எப்படிச் சொல்வது? அந்தப் பழுப்புத் தாள் இன்னும் கண்முன்னால் நின்றது. வாய் வரைக்கும் வந்தது, அப்பாவின் சொற்கள்தான்: செஞ்சிட்டேன், மன்னிச்சுக்குங்க.

ராஜாங்கம் வற்புறுத்தவில்லை. டீயைக் குடித்து முடித்தார். தூரத்தில் என்ஜின் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தது. அதைப் பார்த்துவிட்டு, விடைபெறுகிறவர் மாதிரி எழுந்தவர், மறுபடி உட்கார்ந்தார்.

“சரி, அது உங்க இஷ்டம். எனக்கு ஒரு சந்தேகம், அத மட்டும் தீத்துட்டுப் போறேன். இடது ஓரத்துல, வெள்ளைச் சிப்பாய்க்கு நேர் முன்னால ஒரு கறுப்புச் சிப்பாய் வெச்சிருக்கீங்க. அது ஒரு வேலையும் செய்யலியே. எதுக்கு அது?”

“செய்யுதுங்க” என்றான் தனக்கோடி, யோசிக்காமல். “கசிவு அடைக்குதுங்க.”

அவர் பென்சிலை நீட்டினார். தனக்கோடி வாங்கவில்லை. காலி கிளாசை வெள்ளைச் சிப்பாயாக வைத்தான், பீடிக் கட்டைக் கறுப்பாக எதிரே வைத்தான். அவன் புதிரில் வெள்ளை செய்வது ஒன்றே ஒன்று. கறுப்பின் கழுத்தை இறுக்கிப் பிடித்தபடி, பிடி தளராமல் ஒரு நகர்வைச் சும்மா கழிப்பது. அதை ராணி மட்டுமே செய்ய வேண்டும். ஓரத்து வெள்ளைச் சிப்பாய்க்கு வழி இருந்தால், அதை ஓரடி தள்ளிவிட்டும் நகர்வைக் கழித்துவிடலாம். அப்போது இரண்டு விடை வந்துவிடும். இந்தக் கசிவு தெரியாமல் வாரக்கணக்காகத் தவித்திருக்கிறான். ஒருநாள் மோல்டு காய்கிறவரை காத்திருந்த நேரத்தில் தெரிந்தது. வீட்டுக்கு வந்தால், வைப்பதற்குக் கறுப்புச் சிப்பாய் மிச்சமில்லை. வாசலில் கிடந்த உடைந்த ஃபியூஸ் கட்டையை எடுத்து வைத்தான். அது நிற்காமல் சாய்ந்து சாய்ந்து விழுந்தது. அடியில் சோற்றுப் பருக்கையை ஒட்டி நிறுத்தினான்.

இதையெல்லாம் சொல்லும்போது அவன் குரலில் நடுக்கமே இல்லை. ராஜாங்கம் பீடிக் கட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அந்தப் பழைய புதிர்ல இந்தச் சிப்பாய் கெடையாதுங்க” என்றார். “போட்டவரு வுட்டாரோ, அச்சுல வுட்டுப்போச்சோ. அதுல ரெண்டு விடை இருக்குது. பாத்து எழுதறவன் ஓட்டையயும் சேத்துத்தான் எழுதுவான்.”

“அந்தச் சிப்பாய் இல்லீங்களா?”

“இல்ல.”

தனக்கோடி பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டான். பழுப்புத் தாளில் கண்ட கட்டத்தை இப்போது மனசுக்குள் மறுபடி பார்த்தான். அதில் இடது ஓரத்தில் கறுப்புச் சிப்பாய் நின்றது, அடியில் சோற்றுப் பருக்கையோடு. அப்படியானால் அவன் பார்த்தது புத்தகத்தை அல்ல, தானே அடுக்கி வைத்த காய்களை.

ராஜாங்கம் எழுந்து விசிலைத் தேடினார். என்ஜின் வந்து பெட்டியோடு இடித்து நின்றது. தனக்கோடி கடிதத்தை அவர் பக்கம் தள்ளினான்.

“நான் எடுக்கலீங்க.”

அவ்வளவு சின்னக் குரலில் சொன்னதற்கே, யாரோ பின்னால் கை ஓங்குகிறார்கள் என்பது போல அவன் தோள் ஒடுங்கியது. ராஜாங்கம் கடிதத்தைத் திருப்பி, பின்பக்கத்தில் எழுதச் சொன்னார். மேலே கண்டது உண்மையல்ல, பயந்து எழுதிவிட்டேன், புதிர் என்னுடையது. ‘என்னுடையது’ என்பதை எழுதும்போது பென்சில் முனை ஒடிந்துவிட்டது. மிச்சத்தை அவருடைய பேனாவால் எழுதிக் கையெழுத்துப் போட்டான். அவர் அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, அடுத்த புதிரைச் சீக்கிரம் அனுப்புங்கள் என்று சொல்லிவிட்டுப் பச்சைக் கொடியோடு கடைசிப் பெட்டிக்குப் போனார். வண்டி நகர்ந்தது.

வண்டி கண்மறைந்ததும் பயம் முன்னைக்கு இரண்டு பங்காகத் திரும்பி வந்தது. இனி ஒன்றும் செய்வதற்கில்லை. காகிதம் போய்விட்டது. கடைத்தெரு வழியாக வரும்போது விருத்தகிரி ஒரு கடை வாசலில் மூட்டை இறக்கிக்கொண்டிருந்தான். இத்தனை நாள் அவனைக் கண்டால் எதிர்ச் சாரிக்குப் போய்விடுகிற தனக்கோடி, அன்று கிட்டே போய் நின்றான். என்ன பேசுவது என்று தெரியவில்லை. மூட்டையின் மறுமுனையைப் பிடித்து இறக்கிக் கொடுத்துவிட்டு வந்தான்.

வீட்டு வாசலில் அப்பா வெயில் என்றும் பாராமல் நின்றுகொண்டிருந்தார். பார்வை மங்கிவிட்டதால் நடையைக் கொண்டுதான் ஆளை அறிவார்.

“வுட்டுட்டாங்களாடா?”

“வுட்டுட்டாங்கப்பா.”

“கால்ல வுழுந்தியா?”

“இல்ல. நான் எடுக்கலைன்னு சொல்லிட்டேன்.”

கிழவரின் முகம் சுருங்கியது. அவன் கையைப் பிடித்து வீட்டுக்குள் இழுத்துக் கதவை ஒருக்களித்துச் சாத்தினார். பெரியநாயகி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

“யார்கிட்ட சொன்ன? எத்தினி பேரு இருந்தாங்க?”

“ஒருத்தருதாம்பா. நல்லவரு.”

“அடிச்சாங்களா?”

“இல்லப்பா. டீ வாங்கிக் குடுத்தாரு.”

அவர் நம்பவில்லை. மகனைத் திரும்பி நிற்கச் சொல்லிச் சட்டையை மேலே தூக்கினார். கண்ணுக்குத் தெரியாததால் உள்ளங்கையால் முதுகு முழுக்க, தோளிலிருந்து இடுப்புவரை, மெல்லத் தடவிப் பார்த்தார். ஒரு தடவை பார்த்துவிட்டு, மறுபடியும் மேலிருந்து தொடங்கினார்.